கொளஞ்சியம்மாள் விட்டுச்சென்ற பென்சில்

செல்வியின் எண் கைப்பேசியில் தெரிந்தபோது, பெட்டி வந்து சேர்ந்ததா என்று கேட்கத்தான் அழைக்கிறாள் என்று நினைத்தேன். விருத்தாசலத்திலிருந்து பீங்கான் வளையங்கள் வரும் ஒவ்வொரு முறையும் அவளுடைய அம்மா அவளிடம் சொல்லிக் கேட்கவைப்பது வழக்கம். "வந்துடுச்சும்மா, ஒண்ணும் உடையல" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.  "அம்மா போயிட்டாங்க சார். காலையில டீ போட்டு வெச்சிட்டு, ஆறட்டும்னு உக்காந்தாங்க. அப்பிடியே சாஞ்சிட்டாங்க" என்றாள்.

மேசைமேல் அந்தப் பெட்டி பிரித்தபடி இருந்தது. பன்னிரண்டு வளையங்கள். ஒவ்வொன்றும் வெள்ளைத் தாளில் சுற்றப்பட்டு, தாளின்மேல் பென்சிலால் ஒரு டிக். அந்த டிக்குகளைப் பார்த்துக்கொண்டே செல்வியிடம் என்னென்னவோ சொன்னேன். கிளம்பும்போது மேசை இழுப்பறையைத் திறந்து, சில வருடங்களாக உள்ளே கிடந்த ஒரு பழைய பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

செல்வியின் அம்மா கொளஞ்சியம்மாள் அவர்களைப் பீங்கான் தொழிற்பேட்டையில் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கனகசபை என்பவர் நடத்தும் சிறிய பீங்கான் ஆலையில் அவர் சரக்கு பார்ப்பவர். சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, நல்லது எது, விரிசல் விட்டது எது என்று பிரிப்பது அவருடைய வேலை. அதற்கு அவர் வைத்திருந்த கருவி ஒன்றே ஒன்று. கொண்டையில் செருகிய ஒரு பென்சில். அதன் பின்பக்கத்தால் தட்டுவார், காது கொடுத்துக் கேட்பார், நல்லதென்றால் அதே பென்சிலைத் திருப்பி உள்பக்கம் ஒரு டிக் போடுவார். யோசிக்கும்போது பென்சிலைக் கடிக்கிற பழக்கமும் உண்டு. அவருடைய பென்சில் என்று சொல்லவே வேண்டாம், பல் தடத்தைப் பார்த்தாலே போதும்.

எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நான் சென்னையை ஒட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில் வைரத்தோடு மாரடிப்பவன். நகைக்கடை வைரம் இல்லை. மீத்தேனையும் ஹைட்ரஜனையும் ஓர் அறைக்குள் விட்டு, மைக்ரோவேவால் சூடேற்றி, நாள்கணக்கில் காத்திருந்தால் ஒரு தகட்டின்மேல் வைரம், பாலில் ஏடு படிவதுபோல் வளரும். அதன் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான கூர்முனைகள் இருக்கும்படி வளர்ப்போம். காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் அதை வைத்துப் பல்லாயிரம் வோல்ட் கொடுத்தால், அந்த முனைகளிலிருந்து எலெக்ட்ரான்கள் கற்றையாகப் பீறிட்டு வரும். பழைய முறையில் ஓர் உலோகத்தைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால்தான் எலெக்ட்ரான் வெளியேறும். வைரத்துக்கு அந்தக் காய்ச்சல் வேண்டாம். நோயைப் பார்க்கிற எக்ஸ்ரே முதல் பெரிய ஆய்வு இயந்திரங்கள் வரை, வலுவான எலெக்ட்ரான் கற்றைக்குத் தேவை இருக்கிறது.

ஆனால் வைரத்தை அந்தரத்தில் நிறுத்த முடியாது. மின்சாரம் பாய்ந்துவிடாத ஒரு வளையத்தின்மேல்தான் அது உட்கார வேண்டும். எங்களுக்கு வேண்டிய வடிவில் அந்த வளையம் கடையில் கிடைக்கவில்லை. நான் நல்லூர்ப் பக்கத்துக்காரன். பீங்கான் என்றால் எனக்குப் பக்கத்து ஊரான விருத்தாசலத்தை விட்டால் வேறு எங்கே கால் போகும்?

முதல் தடவை போனபோது, கனகசபை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அக்காவக் கேளுங்க சார், அவங்க முடியும்னா முடியும்" என்று என்னை உள்ளே அனுப்பினார். கொளஞ்சியம்மாள் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"எதுக்கு சார் இது?"

"வைரத்தைத் தாங்குறதுக்கு அக்கா. அதுல கரண்ட் கொடுப்போம்."

"வைரத்துல யாருனா கரண்டு வெப்பாங்களா? எங்க வாங்குனீங்க?"

"வாங்கல. நாங்களே வளர்க்கிறோம்."

"வளக்குறீங்களா? தண்ணி ஊத்தியா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த பெண்களைப் பார்த்துச் சிரித்தார். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியார் வீட்டுப் பிள்ளை, விடுவேனா? நானும் ஒரு பாடம் நடத்தினேன். "வைரம்னா வேற ஒண்ணும் இல்ல அக்கா, கரிதான். உங்க கொண்டையில இருக்குற பென்சில் முனையும் அதே கரிதான். அணுக்கள் அடுக்கின விதம்தான் வேற. அதனால பென்சில்ல கரண்ட் பாயும், வைரத்துல லேசுல பாயாது" என்றேன். அவர் பென்சிலை உருவிப் பார்த்து, "இதுவா? அப்ப நானும் வைரம் வெச்சிருக்கறவதான்" என்று மறுபடியும் செருகிக்கொண்டார்.

அன்று நான் சொன்ன அந்தப் பாடத்தை என் ஆயுசுக்கும் மறக்க முடியாதபடி ஆகிவிட்டது.

அதே நாளில் இன்னொன்றும் கேட்டேன். ஆலை வாசலில் அடுக்கியிருந்த முடிந்த சரக்கு எதிலும் டிக் இல்லை. "நீங்க போட்ட டிக்கெல்லாம் எங்க போச்சு?" என்றேன். முதல் சூட்டில் வெந்து இறங்கும்போது டிக் போடுவாராம். பிறகு கிளேஸ் எனப்படும் பளபளப்புப் பூச்சு பூசி, இரண்டாம் முறை சூளையில் ஏற்றுவார்கள். "அப்ப தீ தின்னுடும் சார், தடமே இருக்காது. அதுக்குத்தான் பென்சிலு. பேனான்னா கறை நிக்கும்" என்றார்.

வளையங்கள் வந்தன. அழகான வேலை. நிர்மலாவும் நானும் பிரித்துப் பார்த்தோம். நிர்மலா எங்கள் வெற்றிட அறையைப் பார்த்துக்கொள்பவர். அப்போது வருடாவருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருந்தார். வளையத்தின் உட்சுவரில் லேசாக ஒரு டிக் இருந்தது. நான் பார்த்தேன். இதை இங்கே எழுதத்தான் வேண்டும்: நான் பார்த்தேன். பார்த்ததும், அக்கா பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார் என்று மனதுக்கு நிம்மதியாக இருந்தது. "மாட்டிடலாம்மா" என்றேன்.

எங்களிடம் அப்போது மூன்று வைரத் தகடுகள்தான் இருந்தன. முதல் தகட்டை வைத்து வோல்ட்டை ஏற்றினோம். பாதி தூரம்கூடப் போகவில்லை, வெற்றிட அறையின் ஜன்னல் கண்ணாடிக்குள் ஒரு பளீர். வளையத்தின்மேல் மின்பொறி ஓடி, தகடு போய்விட்டது. வளையத்தை மாற்றி இரண்டாவது தகட்டை வைத்தோம். அதே இடத்தில் அதே பளீர். இன்னும் சில வாரங்களில் நிபுணர் குழு பார்க்க வருவதாக இருந்தது. கற்றை வராவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். எனக்கு வேறு வேலை கொடுப்பார்கள். நிர்மலாவுக்கு யார் கொடுப்பார்கள்?

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கைதான் ஓடும். "உங்கள் பீங்கான் தரமில்லை, உள்ளே துளைகள் இருக்கின்றன, இனி வெளிநாட்டில் வாங்கிக்கொள்கிறோம்" என்று கனகசபைக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் முற்பகலில், எங்கள் வாயிற்காவலர் அழைத்து, யாரோ ஒரு அம்மா சாயப் பாட்டிலோடு வந்து நிற்கிறார் என்றார். போய்ப் பார்த்தால் கொளஞ்சியம்மாள். லீவு போட்டுவிட்டு, விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்துத் தனியாக வந்திருக்கிறார். முதலாளி அனுப்பவில்லை, அவராகவே வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"எம் பீங்கானு தொளைன்னு எழுதிட்டீங்களாமே சார். தட்டிப் பாத்தவ நானு. அத்த பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார்.

பையிலிருந்து எங்கள் வளையத்தின் ஜோடி ஒன்றை எடுத்தார். துண்டில் சுற்றி, நிர்மலாவிடம் சுத்தியல் கேட்டு வாங்கி ஒரே அடி. உடைந்த துண்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு, கொண்டுவந்த சிவப்புச் சாயத்தை ஊற்றினார். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால் சாயம் உள்ளே ஏறிவிடும், கழுவினாலும் போகாது. சாயம் ஊறட்டும் என்று மூவரும் சாப்பிடப் போனோம். புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதில் பாதியை நிர்மலாவின் தட்டில் வைத்தார், எனக்கு வைக்கவில்லை. திரும்பி வந்து துண்டுகளைக் குழாயில் காட்டிக் கழுவினார். உடைந்த முகம் பாலாக வெளுத்து நின்றது.

"பாத்துக்குங்க சார். எங்க பீங்கானு தண்ணி குடிக்கல."

நான் ஒப்புக்கொண்டேன். வேறு வழி? அவர் அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆனால், "எரிஞ்சத காட்டுங்க" என்றார்.

கொடுத்தேன். வளையத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். உட்சுவரில் ஒரு கறுப்புத் தடம் வேர் விட்டதுபோல் கிளைத்து ஓடியிருந்தது. நாங்களும் அதை எத்தனையோ முறை பார்த்திருந்தோம். அவர் அந்தத் தடத்தின் அடியில் விரலை வைத்தார். இரண்டாவது வளையத்தையும் கேட்டு வாங்கி அதே இடத்தில் விரலை வைத்தார். 

"சார், இது என் டிக்கு" என்றார்.

எங்களுக்கு உடனே விளங்கவில்லை. அவரே சொன்னார். "நீங்க கிளேஸு வேணாம்னுட்டீங்க. அப்ப ஒரே சூடுதான், இன்னொரு தீ இல்ல. நான் அத்த நெனைக்காம, கை பழக்கத்துல டிக் போட்டுட்டேன். பென்சில்ல கரண்டு பாயும்னு நீங்கதான சொன்னீங்க?"

நான் சொன்னதுதான். கரியையே கட்டிக்கொண்டு அழுகிற நான், வளையத்தின் நடுவே கரியால் போட்ட கோட்டைப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறேன். கிளேஸ் வேண்டாம் என்றதும் நான்தான். மாட்டும் முன் பீங்கானைத் துடைத்திருப்போமே, அப்போது பென்சில் போகவில்லையா என்று கேட்கலாம். பூச்சில்லாத சொரசொரப்பில் பென்சில் எழுத்து துடைத்தால் போவதில்லை.

அவர் வாய் திறந்திருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. பீங்கான் நல்ல பீங்கான் என்று காட்டியாகிவிட்டது, வந்த வேலை முடிந்தது, பஸ் ஏறிப் போயிருக்கலாம். அப்படிப் போகத் தெரியாத மனுஷி அவர்.

"வைரம் எங்க சார்?" என்றார். எரிந்த தகடுகளைக் காட்டினேன். காற்றில்லாத இடத்தில் அளவுக்கு மேல் காய்ந்தால் வைரம் மறுபடி கரியாகிவிடும். இரண்டும் கறுத்துப் போயிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, அந்தத் தகடுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும் சார். எடுத்துட்டுப் போனா மறுபடி கை போவும்."

மீதமிருந்த வளையங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இன்னொரு முறை வெறுமனே சூளையில் ஏற்றி இறக்கினால் டிக் போய்விடும் என்றார். "முதலாளிகிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க ஒண்ணும் எழுதாதீங்க." நான் எழுதினேன். சூட்டுக்குப் பிறகு போட்ட பென்சில் குறிதான் காரணம் என்று கண்டுபிடித்தோம், பீங்கானில் குறையில்லை என்று மிக நியாயமாக ஒரு கடிதம். அந்தக் குறியை நானும் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் மாட்டச் சொன்னேன் என்ற ஒரு வரி அதில் இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

வளையங்கள் தீயில் குளித்து வந்தன. கையில் கடைசித் தகடு. "சார், இதுவும் போயிட்டா?" என்றார் நிர்மலா. கொளஞ்சியம்மாள் உடைத்த துண்டு ஒன்று மேசையில் வெள்ளையாகக் கிடந்தது. அதைக் காட்டி, மாட்டும்மா என்றேன். பாதி வோல்ட்டைத் தாண்டியது. முக்கால். முழுசு. எலெக்ட்ரான் பட்ட இடம் ஒளிரும் திரையைப் பார்த்தோம். சல்லடையில் மாவு விழுந்ததுபோல் பச்சைப் புள்ளிகள், வரிசை வரிசையாக, அசையாமல் நின்றன. நிர்மலா அழுதார். நான் அழவில்லை என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

குழு வந்தது, பார்த்தது, போனது. திட்டம் பிழைத்தது. நிர்மலா இன்றும் எங்களோடு இருக்கிறார். அந்தப் புள்ளிகளைப் பெரிய படமாக அச்சிட்டு, கொளஞ்சியம்மாளிடம் கொடுக்க விருத்தாசலம் போக எனக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று. வேலை என்று சொல்லிக்கொண்டேன்.

சரக்கு பார்க்கும் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கொளஞ்சியம்மாள் பின்கட்டில் பெட்டிக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தார். கொண்டையில் பென்சில் இல்லை. என் இரண்டாவது கடிதம் வந்த வாரமே கனகசபை அவரைச் சரக்கு பார்க்கும் வேலையிலிருந்து எடுத்துவிட்டாராம். கொளஞ்சியம்மாள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஏழெட்டு மாதத்தில் இரண்டு முறை போனில் பேசியிருந்தோம்.

படத்தைக் கையில் வாங்கி, "இவ்ளோதானா சார்? நான் என்னமோ மத்தாப்பு மாதிரி இருக்கும்னு நெனச்சேன்" என்றார். "நம்ம வளையம் இதுல எங்க இருக்குது?"

"தெரியாது அக்கா. வளையம் தெரியாம இருந்தாத்தான் எல்லாம் சரியா இருக்குதுன்னு அர்த்தம்."

"அப்ப சரி."

நான் அந்தக் குறியைப் பார்த்ததை அப்போதுதான் சொன்னேன். வைக்கோலை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் சார். தப்பு எந்தப்புதான். ஆனா கண்ணு ரெண்டு பேருக்கும் இருந்துது" என்றார். மறுபடி வைக்கோலை எடுத்துத் திணிக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவரையும் கூட்டிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். வேலை செய்துகொண்டிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கனகசபையிடம் சொன்னேன்: அந்த டிக்கை நான் பார்த்தேன், பென்சிலில் மின்சாரம் பாயும் என்பது என் படிப்பு, அவருடைய படிப்பு இல்லை, பார்த்தும் மாட்டச் சொன்னவன் நான். கனகசபை நல்லவர்தான். முகம் சுண்டிப்போயிற்று. "இத்த ஒரு வரி அன்னிக்கே எழுதியிருந்தீங்கன்னா நான் இவங்கள எடுத்திருப்பனா சார்?" என்றார். எழுதியிருக்கணும் என்றேன். அவர் தன் மேசையிலிருந்து ஒரு புதுப் பென்சிலை எடுத்து நீட்டினார். கொளஞ்சியம்மாள் உடனே வாங்கவில்லை. நிதானமாகச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, பிறகு வாங்கிக் கொண்டையில் செருகினார்.

அன்றிலிருந்து எங்கள் வளையங்களை மட்டும் தாளில் சுற்றி, தாளின்மேல்தான் டிக் போடுவார். ஒரு வளையம்கூடத் திரும்பிப் போனதில்லை. பழைய பென்சிலைத் திருப்பித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "அது உங்ககிட்டயே இருக்கட்டும், கடிதாசு எழுதறப்ப எடுத்துப் பாத்துக்குங்க" என்றார். பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கோபத்தில் எழுதிய கடிதம் எதையும் அன்றே அனுப்பியதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பேட்டையே வந்திருந்தது. சுவரில் எங்கள் பச்சைப் புள்ளிப் படம், கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. செல்வி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "குளிப்பாட்டுற அவசரத்துல அம்மா பென்சில யாரோ எடுத்து எங்கியோ வெச்சிட்டாங்க சார். தேடாத எடமில்ல. அது இல்லாம யாரோ மாதிரி படுத்திருக்காங்க" என்று அழுதாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பல் தடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. போய் அம்மாவின் கொண்டையில் செருகினாள்.

மணிமுத்தாற்றங்கரையில் பாடையை இறக்கியபோது, சடங்கு செய்கிறவர் மாலைகளைக் கழற்றிக்கொண்டே வந்து, பென்சிலைப் பார்த்து, "இது என்னாது?" என்று உருவப் போனார். கனகசபை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அது அவங்களுது, இருக்கட்டும்" என்றார். 

அப்படியே விட்டுவிட்டார்கள். தீ மூட்டியபோது நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

போய் வாருங்கள் அக்கா. நீங்கள் சொன்னபடியே தீ அதைத் தின்றிருக்கும், தடமே இருக்காது. அந்த டிக்கைப் பார்த்தும் வளையத்தை மாட்டச் சொன்னது நான்தான் என்பதை, அன்று கடிதத்தில் விட்ட அந்த ஒரு வரியை, இங்கே பேனாவால் எழுதிவிட்டேன்.